ஊக்கமூட்டும் என்ற சொல்லுக்கு ஒரு சான்று

எங்கள் அகராதியின் இரண்டாம் பதிப்பில் 'ஊக்கமூட்டும்' என்ற அடைச்சொல்லுக்கு நான் எழுதிய பொருள் இது: 'சொல்லாலோ செயலாலோ ஒருவர் மனத்தில் உற்சாகத்தையும் முனைப்பையும் உண்டாக்குகிற.' அதன் கீழே சாய்ந்த எழுத்தில் ஒரு சான்று: 'ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் ஊக்கமூட்டும் உரை நிகழ்த்துவார்.'

பிழை ஒன்றும் இல்லை. ஒரு பூச்சியின் பெயருக்குத் தவறான நிறம் எழுதிவிட்டோம் என்று பதினோரு பேர் கடிதம் போட்டார்கள். இந்தச் சொல்லைப் பற்றி எட்டு ஆண்டுகளில் ஒருவரும் எழுதவில்லை.

அலுவலகம் இரண்டாவது மாடியில், நீளமான ஒரே அறை. சுவர் முழுக்க மரப் பெட்டிகள், அவற்றுக்குள் அஞ்சலட்டை அளவில் கார்டுகள். ஒரு கார்டுக்கு ஒரு வாக்கியம். மேலே இடது மூலையில் சொல், நடுவில் வாக்கியம், கீழே சொன்னவர், இடம், தேதி, கேட்டவர்கள். அச்சில் வந்ததற்கு நூலும் பக்கமும் போதும். வாயால் சொன்னதற்குக் கேட்டவர் இருவர் வேண்டும், கார்டு எழுதுகிறவர் ஒருவர், இன்னொருவர் வேறு ஆள். சொன்னவரே எழுதக் கூடாது. இந்த விதி சும்மா வரவில்லை. முதல் பதிப்பின்போது ஒரு புண்ணியவான் வீட்டில் உட்கார்ந்தபடியே முந்நூறு வாக்கியங்களைக் கற்பனை செய்து 'சந்தையில் கேட்டது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் கார்டுகளில் வெங்காயம் விற்பவரெல்லாம் பேராசிரியர் மாதிரிப் பேசினார்கள்.

கார்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. ஏற்றால் நீலப் பென்சில், தள்ளினால் சிவப்பு. சிவப்பில் காரணமும் எழுத வேண்டும்.

இரண்டாம் பதிப்பு வேலை நடந்த வருடம்தான் என் நாத்தனார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். என் கணவரின் தங்கை. முப்பத்தெட்டு வயதிலும் வீட்டில் அவளுக்குப் பெயர் 'பாப்பா'. பதினாறு வருடம் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராக இருந்தாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. இனிமேல் குனிந்து தூக்கும் வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி விடுதி அறையைக் காலி செய்துவிட்டு இரண்டு பெட்டிகளோடு எங்கள் முன்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைக்க வேண்டும். கார்டு எழுத ஆள் தேவை என்று எங்கள் அலுவலகத்தில் அறிவித்தபோது அவள் பெயரைச் சொன்னது நான்தான். ஆறு மாதம் பரீட்சைக் காலம். அதற்குள் தொள்ளாயிரம் கார்டுகள் ஏற்கப்பட வேண்டும். ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கும் ஊரில், தூரத்து உறவுக்காரர் ஒருவர் வீட்டோடு போய்த் தங்கி, அவர் பார்த்துத் தரும் வேலையைச் செய்ய வேண்டும். அவளுக்கு அதில் விருப்பமில்லை. "அங்க போனா நான் விருந்தாளியும் இல்லை, வீட்டாளும் இல்லை அண்ணி. நடுவுல தொங்கணும்" என்றாள்.

அவள் வேலையில் சேர்ந்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ஆபீஸ் விஷயம் எதையும் வீட்டில் பேசக் கூடாது. அவள் கார்டைப் பற்றி அவளும் பேசக் கூடாது, அவள் அண்ணனும் பேசக் கூடாது.

"உப்பு எடுத்துக் குடுன்னு சொல்லலாமா? அதுவும் வாக்கியம்தான்" என்றார் என் கணவர்.

இருவரும் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. முன் சீட்டில் யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் எழுதிக்கொண்டு, அவர்கள் தோளைத் தட்டிப் பெயர் கேட்பாள். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர் கையை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். இவள் நடுவில் போய் நோட்டை விரித்தாள். திரும்பி வந்து, "சண்டை போடுறவங்ககிட்ட பேர் கேட்டா சண்டை நின்னுடுது அண்ணி. நமக்குத்தான் நஷ்டம். பாதி வாக்கியத்தோட போயிட்டாங்க" என்றாள்.

அவளுடைய காது அபாரமானது. எங்களில் யாருக்கும் கிடைக்காத வாக்கியங்கள் அவளுக்குக் கிடைத்தன. 'பதமான' என்ற சொல்லுக்கு நாங்கள் பத்து வருடமாகச் சமையல் குறிப்புகளையே வைத்திருந்தோம். அவள், ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்து ஒரு நோயாளி 'பதமான கை' என்று சொன்னதைக் கொண்டுவந்தாள். நீலப் பென்சிலால் குறியிடும்போது எனக்கே பெருமையாக இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

காட்டிக்கொள்ளாமல் இருந்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். சொந்தக்காரியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று நான்தான் நாள் முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கார்டில் தேதி விடுபட்டிருந்தால் கூப்பிட்டு எழுதச் சொல்வேன். அவள் கார்டில் விடுபட்டிருந்தால் சிவப்புப் பென்சில். மற்றவர்கள் கார்டில் சந்தேகம் வந்தால் இரண்டாவதாகக் கேட்டவருக்குப் போன் போட்டு விசாரிப்பேன். அவளுக்காக ஒரு தடவைகூட ரிசீவரைத் தூக்கவில்லை. அவள் கார்டுகளை வேறு யாரிடமாவது சரிபார்க்கக் கொடுங்கள் என்று அகராதியின் ஆசிரியரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என் நேர்மை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நான்காவது மாதம் 'ஊ' வரிசைக்கு வந்தோம்.

'ஊக்கமூட்டும்' பெட்டியில் இருபத்தாறு கார்டுகள் இருந்தன. எல்லாம் அச்சில் வந்தவை. அவற்றைப் படித்துவிட்டு நாத்தனார் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணி, இதுல ஒண்ணு கவனிச்சீங்களா?"

"ஆபீஸ்ல அண்ணி கிடையாது."

"சரிங்க மேடம். இந்த இருபத்தாறும் அழைப்பிதழ், விளம்பரம், வரவேற்புரை. ஊக்கமூட்டும் உரை நிகழ்த்துவார், ஊக்கமூட்டும் நூல் வெளிவருது. எல்லாம் நடக்கிறதுக்கு முன்னாடியே சொன்னது. கேட்டு முடிச்சு வெளிய வந்தவன் ஒருத்தன்கூடச் சொல்லலை."

"அதனால?"

"ஊக்கம் வந்தவன்தானே அதைச் சொல்லணும்? ஊட்டுறவனே சொல்லிக்கிட்டா அது எப்படிச் சான்றாகும்? மாப்பிள்ளை நல்லவர்னு மாப்பிள்ளையே கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கு."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது உண்மை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. கார்டுகளை மறுபடி பார்த்தேன். இருபத்தாறிலும் இறந்தகாலம் ஒன்றுகூட இல்லை.

மறுவாரம் அவள் ஒரு கார்டு வைத்தாள். ஆஸ்பத்திரியில் பழைய ஆட்களைப் பார்க்கப் போயிருக்கிறாள். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த ஒரு வங்கி அதிகாரி, நடைப்பயிற்சிக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று மூன்று நாளாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாராம். வார்டைத் துடைக்கும் அம்மாவுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. தண்ணீர் நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை சாய்ந்து சாய்ந்து நடப்பாராம். நான்காம் நாள் அந்த அதிகாரி எழுந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். நின்றபடி அந்த அம்மாவிடம் சொன்னதுதான் வாக்கியம்: 'உங்க நடை ரொம்ப ஊக்கமூட்டுற நடைம்மா.'

கேட்டவர்கள்: நாத்தனார், வார்டு துடைக்கும் அம்மா.

கார்டை இரண்டு முறை படித்தேன். எங்களிடம் இருந்த இருபத்தாறையும் தூக்கிப் போட்டுவிட்டு இது ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, 'இரண்டாம் சாட்சிக்குப் பெயர் இல்லை. தள்ளப்பட்டது' என்று எழுதினேன்.

அவள் வந்து நின்றாள். "அவங்களை எல்லாரும் அப்படித்தான் மேடம் கூப்பிடுவாங்க. பின்னாடி அவங்க பக்கத்து வீட்டு நம்பர் எழுதியிருக்கேன். ஒரு போன் போட்டுக் கேளுங்க. இல்லைன்னா ரெண்டு ஸ்டாப்தான், நேர்லயே போகலாம்."

"பேர் இல்லாத சாட்சி சாட்சி இல்லை."

"பேரை நாளைக்குக் கேட்டு எழுதிட்டு வரேன்."

"தள்ளின கார்டைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லை."

அப்படி ஒரு வழக்கம் இருந்தது உண்மைதான். அதை நான் மற்றவர்களுக்கு மூன்று முறை தளர்த்தியிருந்தேன் என்பதும் உண்மை. அவள் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை பஸ்ஸில் நோட்டைத் திறக்கவில்லை.

ஆறு மாதம் முடிந்தபோது அவளுடைய எண்ணிக்கை எண்ணூற்று எண்பத்து நான்கு. நான் தள்ளியவை எழுபத்தொன்று. மற்றவர்களில் யாருக்கும் நான் தள்ளியது பதினைந்தைத் தாண்டவில்லை.

ஆசிரியர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பதினாறுதானே குறையுது. தள்ளினதுல சேர்த்துக்கக்கூடியது ஏதாவது இருக்கான்னு பாருங்களேன். நான் ஒண்ணும் கேட்கமாட்டேன்."

அவரே கதவைத் திறந்துவிட்டிருந்தார். நான் நுழைந்தால் போதும்.

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பார்வை பாராட்டு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அன்று யாரும் சட்டத்தை மீறவில்லை. நாத்தனார் தன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் என் கணவர் மட்டும் கேட்டார். "உன் கூடப்பிறந்த தங்கச்சியா இருந்தா?"

"என் கூடப்பிறந்தவளா இருந்தா நூறு கார்டு தள்ளியிருப்பேன்."

"அதான்" என்றார்.

அவள் ஊருக்குப் போனாள். உறவுக்காரர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை வாங்கிக் கொடுத்தார். டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு உள்ளே அனுப்ப வேண்டும். அவள் என்னிடம் சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. வீட்டு விசேஷங்களில் பார்த்தால் நலம் விசாரிப்பாள். ஆனால் போன் வந்தால் அது அண்ணனுக்குத்தான் வரும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால், 'அண்ணிகிட்ட சொல்லிடு' என்று அவரிடம் சொல்லுவாள்.

இரண்டாம் பதிப்பு வந்தது. சிறப்பு விருந்தினர் ஊக்கமூட்டும் உரை நிகழ்த்தினார்.

எட்டு வருடம் கழித்து மூன்றாம் பதிப்பு வேலை தொடங்கியது. பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த அறையில் இப்போது நான். தள்ளிய கார்டுகளைப் பத்து வருடம் தகரப் பெட்டியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். 'ஊ' வரிசைக் கட்டை அவிழ்த்தேன். வாளி அம்மாவின் கார்டைத்தான் தேடினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது இருந்தது. அதன் கீழே அதே சொல்லுக்கு இன்னொன்று இருந்தது. அதே கையெழுத்து.

'பக்கத்துல அண்ணி வேலை செய்யிறதைப் பார்த்தாலே போதும், எனக்கு ஊக்கமூட்டுற மாதிரி இருக்கு.'

சொன்னவர்: நான். இடம்: வீடு, சாப்பிடும்போது. கேட்டவர்: அண்ணன்.

குறுக்கே சிவப்புப் பென்சிலில், 'சொன்னவரும் எழுதியவரும் ஒருவரே. ஏற்பதற்கில்லை.' என் சுருக்கொப்பம். தேதி, பரீட்சைக் காலத்தின் கடைசி வாரம்.

எனக்கு அந்தக் கார்டே நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அன்று நூற்றுக்கணக்கில் கார்டுகள் பார்த்திருப்பேன். சொன்னவர் யார், கேட்டவர் யார், தேதி இருக்கிறதா என்று கீழே இருந்து மேலே படிப்பது என் பழக்கம். கீழேயே குறை தெரிந்துவிட்டால் நடுவில் உள்ளதைப் படித்தாலும் அது வெறும் வாக்கியம். விதி அவளுக்கு நன்றாகத் தெரியும். இது எண்ணிக்கையில் சேராது என்று தெரிந்தேதான் வைத்திருக்கிறாள். வீட்டில் பேசக் கூடாது, ஆபீஸில் அண்ணி கிடையாது. கார்டைத் தவிர அவளுக்கு வேறு இடம் இல்லை.

அன்று மாலை கணவரிடம் கார்டைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"சொன்னாளா?"

"சொன்னா. ரெண்டு மூணு தடவை. நீ கை கழுவப் போயிருப்ப. இப்படி ஒரு வார்த்தைக்காக ஒரு நாள் பூரா உட்கார்றவளை நான் பார்த்ததில்லைன்னு சொல்லுவா."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார். "ஆபீஸ் விஷயம் வீட்ல பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டியே."

மறுநாள் வாளி அம்மாவின் கார்டைத் திருப்பி, பின்னால் பென்சிலில் இருந்த எண்ணை அழைத்தேன். உபயோகத்தில் இல்லை. மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு நிறுத்தம், பஸ்ஸில் ஒன்பது நிமிடம். வார்டில் இருந்த ஒரு நர்ஸ் அந்த அம்மாவின் முழுப் பெயரைச் சொன்னார். போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டாராம். மகள் வந்து அழைத்துப் போனாள், எந்த ஊர் என்று தெரியாது என்றார். பெயரை எழுதிக்கொண்டேன். அந்த வங்கி அதிகாரி எப்போதோ குணமாகிப் போய்விட்டார். அவர் பெயர் கார்டில் இருந்தது, முகவரி இல்லை.

சனிக்கிழமை நாத்தனாருக்கு நானே போன் செய்தேன்.

"அண்ணி? அண்ணனுக்கு என்ன?" என்றாள் எடுத்தவுடன்.

"அவருக்கு ஒண்ணுமில்லை. நல்லா இருக்கார். உன் கார்டு ஒண்ணு கிடைச்சது."

"சேர்த்ததா, தள்ளினதா?"

"தள்ளினது."

"அப்ப எழுபத்தொண்ணுல ஒண்ணு" என்றாள். எண்ணை மறக்கவில்லை.

வாக்கியத்தைப் படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "பதினெட்டு, உள்ள போங்க" என்று யாரிடமோ சொல்லிவிட்டு வந்தாள்.

"இதைப் புதுப் பதிப்புல போடலாம்னு இருக்கேன்" என்றேன். "இப்ப முடிவு பண்றது நான்தான்."

"வேணாம் அண்ணி."

"ஏன்?"

"அது அப்போ சொன்னது." கோபமே இல்லாமல், டோக்கன் எண் சொல்லும் அதே குரலில் சொன்னாள். "இப்ப நான் அப்படிச் சொல்றதில்லையே. சொல்லாததை எப்படிப் போடுவீங்க? தேதி போட்டாலாவது சரி. நம்ம அகராதில சான்றுக்குத் தேதி போடறதில்லை."

நம்ம அகராதி என்றாள்.

"வாளி அம்மாவைப் போடுங்க" என்றாள். "அது எப்பவும் சரியா இருக்கும்."

"நம்பர் இப்ப இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். போன வருஷம்தான் நின்னாங்களாம்."

"அப்ப ஏழு வருஷம் அங்கேயேதான் நடந்துட்டு இருந்திருக்காங்க."

"ஆமாம். பேர் கேட்டு எழுதிக்கிட்டேன்."

"பேரை நான் அன்னைக்கே கேட்டிருக்கணும். அது என் தப்புதான் அண்ணி. பதினாறு வருஷம் ஒண்ணா வேலை பார்த்திருக்கேன், கேட்கவே தோணலை" என்றாள். பிறகு, "கூட்டம் சேருது. வைக்கட்டுமா?" என்றாள்.

இதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. வாளி அம்மாவின் கார்டை நான் நினைத்தால் சேர்த்திருக்கலாம், கேட்க ஆள் கிடையாது. பென்சிலைக் கையில் எடுத்தும் விட்டேன். கூப்பிட்டுக் கேட்க முடிந்தபோது கேட்காமல் தள்ளியதை, கேட்க முடியாமல் போனபின் ஏற்றுக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அழைப்பிதழ்ச் சான்றை எடுத்துவிட்டேன். பொருளை மாற்றி எழுதினேன்: 'ஒருவரை, அவரிடம் எதுவும் சொல்லாமலேகூட, தன் வேலையைத் தானே பார்க்க எழுந்திருக்கச் செய்கிற, பெரும்பாலும் அப்படிச் செய்கிறவருக்குத் தெரியாத.' சான்று வர வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டேன். எங்கள் அகராதியில் அதற்கு 'சான்று கிடைக்கவில்லை' என்று பொருள். வழக்கொழிந்த மீன்பிடிச் சொற்களுக்கும் பழைய நெசவுச் சொற்களுக்கும்தான் அதைப் போடுவோம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் சரிபார்ப்பாளர் அச்சுப்படியோடு வந்தார். இந்தச் சொல்லை விரலால் காட்டினார்.

"மேடம், நட்சத்திரம் தப்பா விழுந்திருக்கு. இதுக்கா சான்று கிடைக்கலை? அழைப்பிதழ்ல தேடினா ஆயிரம் கிடைக்குமே."

"அதெல்லாம் நடக்கிறதுக்கு முன்னாடி சொன்னது" என்றேன். "நட்சத்திரம் இருக்கட்டும்."